பிப்ரவரியிலேயே துளிர்க்கும் போன்சாய்: குளிர்காலம் சூடானால் மரத்துக்கு நல்லதா, கெட்டதா?

பிப்ரவரி மாதக் காலை. அமெரிக்காவின் மேரிலாந்திலோ நியூஜெர்சியிலோ ஒரு வீட்டின் பின்பக்கம். அகலமான ஆழமில்லாத தொட்டியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு ஜப்பானிய மேப்பிள் மரம். இலையே இல்லாமல் மொட்டையாக நிற்க வேண்டிய மாதம் இது. ஆனால் நாலு நாளாகப் பகல் வெப்பம் 20 டிகிரியைத் தொடுகிறது. கிளை நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த சின்னச் சின்ன மொட்டுகள் உப்பி, சிவந்து, ஒன்றிரண்டு இடத்தில் பச்சை தெரிய ஆரம்பித்துவிட்டது.

வளர்ப்பவருக்கு முதலில் சந்தோஷம். அடுத்த நிமிடமே போனை எடுத்து வானிலை பார்க்கிறார். அடுத்த வாரம் இரவில் மைனஸ் 6 டிகிரி என்று காட்டுகிறது. அங்கேதான் வயிற்றைக் கலக்குகிறது.

இது யாரோ ஒருவரின் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2023 டிசம்பர் முதல் 2024 பிப்ரவரி வரையிலான குளிர்காலம்தான், பதிவுகள் தொடங்கியதிலிருந்து அமெரிக்காவின் 48 மாநிலப் பரப்பில் மிகவும் சூடான குளிர்காலம் என்று அந்நாட்டின் கடல் மற்றும் வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா அறிவித்தது. அந்த ஆண்டு வாஷிங்டனின் செர்ரி மரங்கள் மார்ச் 17-ம் தேதியே முழுமையாகப் பூத்துவிட்டன. ஜப்பானின் கியோட்டோவில் 2021-ல் மார்ச் 26-ம் தேதி செர்ரி உச்சத்தில் பூத்தது. 1200 ஆண்டுகளாகக் குறிப்புகள் இருக்கும் ஊர் அது. அவ்வளவு சீக்கிரம் பூத்ததாக அதற்கு முன்பு பதிவே இல்லை.

ஊரே போய் பூவைப் பார்த்து போட்டோ எடுக்கிறது. போன்சாய் வளர்ப்பவர்களுக்கு மட்டும் ஏன் தூக்கம் போகிறது?

மரம் எப்படித் தூங்குகிறது?

மேப்பிள், செர்ரி, ஆப்பிள் போன்ற குளிர்நாட்டு மரங்கள் இலையுதிர்த்த பிறகு சும்மா நிற்பதில்லை. ஒரு கணக்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தக் கணக்கு இரண்டு கட்டம்.

முதல் கட்டத்தில் மரம் குளிரை எண்ணுகிறது. பொதுவாக 0 முதல் 7 டிகிரி வரையிலான வெப்பநிலையில் எத்தனை மணி நேரம் கழிந்தது என்பதுதான் கணக்கு. தோட்டக்கலையில் இதற்குக் குளிர் மணிநேரம் என்று பெயர். நம் இமாச்சலப் பிரதேசத்தின் ராயல் டெலிசியஸ் ஆப்பிளுக்கு இப்படி ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் வேண்டும். இந்தக் கோட்டா நிரம்பும்வரை நடுவில் எவ்வளவு வெயில் அடித்தாலும் மரம் அசையாது. கும்பகர்ணத் தூக்கம்.

கோட்டா நிரம்பியதும் இரண்டாம் கட்டம். இப்போது மரம் விழித்துவிட்டது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறது. இனி எண்ணப் போவது குளிரை அல்ல, சூட்டை. வெளியே குளிராக இருப்பதால் மட்டும்தான் துளிர்க்காமல் இருக்கிறது. ஒவ்வொரு வெதுவெதுப்பான நாளும் கணக்கில் சேரும். போதுமான அளவு சேர்ந்ததும் மொட்டு உடையும்.

ஆக, டிசம்பரில் வரும் வெப்ப அலைக்கும் பிப்ரவரியில் வரும் வெப்ப அலைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முதலாவது மரத்தைத் தொடாமல் போகலாம். இரண்டாவது எழுப்பிவிடும்.

இந்த இரட்டைக் கணக்கை ஜப்பான் 2020-ல் அப்படியே காட்டியது. அதற்கு முந்தைய குளிர்காலம் அந்நாட்டில் அதுவரை பதிவானதிலேயே மிகவும் சூடானது. டோக்கியோவில் செர்ரி மார்ச் 14-ம் தேதியே மலரத் தொடங்கியது. ஆனால் அதைவிடத் தெற்கே, அதைவிட வெப்பமான ககோஷிமாவில் ஏப்ரல் 1-ம் தேதிதான் பூத்தது. அதெப்படி? டோக்கியோவில் போதுமான குளிர் கிடைத்தது, பிறகு சூடு வந்தது, எழுந்துவிட்டது. ககோஷிமாவில் குளிர் கோட்டாவே சரியாக நிரம்பவில்லை. தூக்கம் போதாதவரைப் போல மரம் மந்தமாக எழுந்தது. சூடான குளிர்காலம் என்றாலே சீக்கிரம் துளிர்க்கும் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

எல்லா மரமும் இப்படி ஏமாறுவதும் இல்லை. ஐரோப்பிய பீச் மரம் வெப்பத்தோடு பகல் நேரத்தின் நீளத்தையும் பார்க்கிறது. நாள் நீளாமல் வெயில் மட்டும் அடித்தால் அது அவ்வளவாக நம்புவதில்லை. மேப்பிளும் செர்ரியும் பெரும்பாலும் தெர்மாமீட்டரை நம்பும் கட்சி. இன்னொரு பக்கம், ஜப்பானியர்கள் உமே என்று அழைக்கும் மரம் இலைக்கு முன்பே, கடுங்குளிரிலேயே பூப்பதுதான் அதன் இயல்பு. அது பிப்ரவரியில் பூத்தால் பதற வேண்டாம்.

வெயில் வந்தால் நல்லதுதானே?

வெயிலால் பிரச்சினை இல்லை. வெயிலுக்குப் பிறகு திரும்பி வரும் குளிரால்தான் பிரச்சினை.

இலையுதிர்காலத்தில் மரம் குளிருக்குத் தயாராகும்போது செல்களுக்குள் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதியைச் செல்லுக்கு வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் பனி உறைந்தாலும் ஐஸ் கட்டி செல்லுக்கு வெளியே உருவாகும், உள்ளே சேதம் இல்லை. மைனஸ் 15, மைனஸ் 20 என்று போனாலும் கிளை பிழைத்துக்கொள்வது இதனால்தான்.

துளிர் விடுவது என்றால் இந்த ஏற்பாட்டை எல்லாம் கலைப்பது. செல்களுக்குள் தண்ணீர் நிரம்பும், திசு மெல்லியதாகும். அந்த நிலையில் உறைபனி வந்தால் செல் உடைந்து, மறுநாள் மதியத்துக்குள் இளம் இலை வேகவைத்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கும்.

எவ்வளவு வித்தியாசம் என்பதை ஆப்பிள் விவசாயிகள் பயன்படுத்தும் அட்டவணையில் பார்க்கலாம். மொட்டு லேசாக வெள்ளி நிறம் காட்டும் கட்டத்தில் மைனஸ் 9 டிகிரி வந்தால் பத்தில் ஒரு மொட்டுதான் சாகும். அதே மரம் முழுவதும் பூத்த பிறகு மைனஸ் 2-லேயே பத்தில் ஒன்று போய்விடும். மைனஸ் 4 வந்தால் பத்தில் ஒன்பது காலி. ஒரு மாத இடைவெளியில் அதே மரத்தின் தாங்குசக்தி இப்படிச் சரிகிறது.

இன்னொரு சிக்கல், இது ஒருவழிப் பாதை. மொட்டு உப்பும் கட்டத்தில் மறுபடி குளிர் வந்தால் மரம் இழந்த தாங்குசக்தியில் கொஞ்சத்தை மீட்டுக்கொள்ளும். இலை விரிந்த பிறகு திரும்பிப் போக வழியே இல்லை. எழுப்ப சில நாள் வெயில் போதும், திரும்பத் தூங்கவைக்க அடுத்த இலையுதிர்காலம் வரை காத்திருக்க வேண்டும்.

வாஷிங்டனில் 2017-ல் நடந்தது இதுதான். அந்த நகரம் கண்ட மிகச் சூடான பிப்ரவரி அது. செர்ரி மார்ச் நடுவிலேயே உச்சத்துக்கு வரும் என்று தேசியப் பூங்கா அமைப்பு கணித்தது. சரியாக அந்த நேரத்தில் குளிர் திரும்பி வந்து, பல இரவுகள் உறைநிலைக்குக் கீழே போயின. பூக்கத் தயாராக இருந்த யோஷினோ செர்ரி மொட்டுகளில் ஏறத்தாழ பாதி கருகிப்போனது.

2012-ல் மிச்சிகன் மாநிலத்தில் மார்ச் மாதமே கோடை மாதிரி வெயில். ஆப்பிள் மரங்கள் ஏமாந்தன. ஏப்ரல் உறைபனியில் அந்த ஆண்டு விளைச்சலில் சுமார் 90 சதவீதம் போய்விட்டது. 2021 ஏப்ரலில் பிரான்ஸ் திராட்சைத் தோட்டங்களில் விவசாயிகள் இரவெல்லாம் வரிசை வரிசையாக மெழுகுத் தீபங்களை ஏற்றிவைத்துப் போராடியதை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள்.

பிரான்ஸ் சம்பவத்தை ஆராய்ந்த வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் குழு சொன்ன விஷயம் கொஞ்சம் விசித்திரமானது. புவி வெப்பமயமாதலால் உறைபனி இரவுகள் மொத்தத்தில் குறைந்துதான் வருகின்றன. ஆனால் கொடிகள் அதைவிட வேகமாகச் சீக்கிரம் துளிர்க்கின்றன. அதனால் துளிர்த்த பிறகு உறைபனியில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் அதிகரித்திருக்கிறது. குளிர் குறைந்த உலகத்தில் குளிரால் சாகும் இலை அதிகமாவது இப்படித்தான்.

தொட்டியில் இருப்பதால் கூடுதல் சிக்கல்

தரையில் நிற்கும் மரத்துக்குப் பூமியே போர்வை. மேலே மைனஸ் 15 இருந்தாலும் ஓரடி ஆழத்தில் மண் உறைநிலையை ஒட்டியே இருக்கும். அதேபோல நாலு நாள் வெயில் அடித்தாலும் ஆழத்து மண் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. வேர் நிதானமாகவே எழும்.

போன்சாய்த் தொட்டியில் மண் ஆழம் பல நேரம் ஐந்து, ஆறு சென்டிமீட்டர்தான். பக்கவாட்டில், அடியில், மேலே என்று எல்லாப் பக்கமும் காற்று. மதியம் வெயில் பட்டால் மண் காற்றைவிடச் சூடாகிவிடும். இரவில் ஒரே மூச்சில் உறைந்துவிடும். ஆக, தரையில் நிற்கும் அதே வகை மரத்துக்கு முன்பே தொட்டி மரம் எழுந்துவிடும், அதற்கு முன்பே அடியும் வாங்கும்.

பலரும் கவனிக்காதது வேரைத்தான். ஜப்பானிய மேப்பிளின் கிளை தூக்க நிலையில் மைனஸ் 20-ஐக்கூடத் தாங்கும். வேர் அப்படி இல்லை. சுமார் மைனஸ் 10 டிகிரியிலேயே சாகத் தொடங்கும். ட்ரைடென்ட் மேப்பிளின் வேர் இன்னும் சதைப்பற்றானது, அதில் தண்ணீர் அதிகம், அதற்கு உறைவது இன்னும் ஆபத்து. வேர் போனால் உடனே தெரியாது. மொட்டு உடையும், இலைகூட வரும், மே மாதம் ஒரு நாள் மொத்தமும் வாடும்.

தோற்றம் என்று ஒன்றும் இருக்கிறது. டோக்கியோவின் உவேனோவில் 1934-ல் தொடங்கிய கொக்குஃபு கண்காட்சி ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரியில் நடக்கிறது. போன்சாய் உலகத்தில் அதற்கு மேல் மேடை இல்லை. மேப்பிள், எல்ம் மாதிரி இலையுதிர் மரங்களை அங்கே இலையில்லாமல்தான் வைப்பார்கள். கிளை கிளையாகப் பிரிந்து நரம்பு போல மெலிந்து போகும் அந்த வலைப்பின்னல்தான் பத்து, இருபது ஆண்டு உழைப்பின் சாட்சி. கண்காட்சிக்கு முன்பே மொட்டு வெடித்துவிட்டால், மரம் உயிரோடு இருந்தும் அந்த ஆண்டு மேடை போச்சு. நுனிக் கிளைகள் உறைபனியில் கருகினால் ஓர் ஆண்டோடு முடியாது. அந்த மெல்லிய கிளைகளை மறுபடி கொண்டுவர எத்தனையோ ஆண்டு ஆகும்.

ஒரு நல்ல விஷயமும் உண்டு. பிரான்ஸ் விவசாயியால் தோட்டத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக முடியாது. போன்சாய்க்காரரால் முடியும்.

இன்னும் மொட்டு உடையவில்லை என்றால்...

இந்தக் கட்டத்தில் ஒரே வேலை: மரத்தைத் தூங்கவிடுங்கள். அதற்கு இடம் மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

வெயில் படும் மேசையிலிருந்து இறக்கி, வீட்டின் வடக்குப் பக்க நிழலில், நேராகத் தரையில் வையுங்கள். பூமியின் வடபாதியில் குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்வாக வருவதால் வடக்குச் சுவரோரம் நாள் முழுக்க நிழல் இருக்கும். தொட்டியைச் சுற்றி மரத்தூள், இலைச் சருகு, வைக்கோல் என்று கிடைப்பதைப் போட்டு மூடுங்கள். குளிரிலிருந்து காப்பாற்ற மட்டுமில்லை, வெயிலில் மண் சூடாகாமல் இருக்கவும் இதுதான் வழி. சூடேற்றாத ஷெட், கராஜ் இருந்தால் அங்கேயும் வைக்கலாம். இலை இல்லாத மரத்துக்கு வெளிச்சம் தேவையில்லை. 0 முதல் 5 டிகிரிக்குள் இருந்தால் போதும்.

உள்ளங்கை அளவு மரங்களை ஃப்ரிட்ஜில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் வேலை செய்யும். ஆப்பிள், வாழைப்பழம் இருக்கும் ஃப்ரிட்ஜில் மட்டும் வேண்டாம். பழுக்கும் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு மொட்டுக்கு ஆகாது.

தண்ணீர் விஷயத்தில் பலரும் தவறு செய்வது இங்கேதான். தூங்குகிற மரத்துக்குத் தண்ணீர் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். சூடான குளிர்காலத்தில், அதுவும் காற்றடிக்கும் நாட்களில், தொட்டி மண் நினைப்பதைவிட வேகமாகக் காயும். விரல் வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் விடுங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பதால், உறைபனி இரவுக்கு முன்பு மண் ஈரமாக இருப்பது நல்லதும்கூட.

கத்தரிக்கோலை எடுக்கவே எடுக்காதீர்கள். கிளையை வெட்டுவது மரத்துக்கு வளரச் சொல்லும் சைகை.

உடைந்துவிட்டது, பச்சை தெரிகிறது. இனி?

இனி தூங்கவைக்கும் முயற்சியை விட்டுவிட வேண்டும். கராஜ் இருட்டில் அடைத்து வைத்தால் துளிர் வெளிறி, வெளிச்சத்தைத் தேடி நீண்டு நீண்டு வளரும். இலைக்கும் இலைக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். சின்ன மரம் பெரிய மரம் போலத் தெரிவதன் ரகசியமே அந்த இடைவெளி சின்னதாக இருப்பதுதான். அது கெட்டால் பிறகு வெட்டித்தான் சரி செய்ய வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, பாசத்தில் ஹாலுக்குள் கொண்டுவந்து ஹீட்டர் பக்கத்தில் வைப்பது. அறை வெப்பம் 22 டிகிரி, காற்றில் ஈரம் இல்லை, ஜன்னல் வெளிச்சமும் போதாது. ஒரு வாரத்தில் மரம் முழுவதும் இலை விரித்துவிடும். அப்புறம் கடைசி உறைபனி முடியும்வரை, பல ஊர்களில் ஏப்ரல் கடைசிவரையோ மே வரையோகூட, இரவில் அதை வெளியே விட முடியாது.

அனுபவசாலிகள் செய்வது வேறு. பகலில் வெளியே, இரவில் உள்ளே. காலையில் வெப்பம் 3, 4 டிகிரியைத் தாண்டியதும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார்கள். இரவு உறைநிலைக்குப் போகும் என்றால் மாலையே ஷெட்டுக்குள் கொண்டுவருவார்கள். இதற்கு அவர்களே வைத்திருக்கும் கிண்டல் பெயர் போன்சாய் டான்ஸ். பத்து மரம் இருந்தால் டான்ஸ், ஐம்பது மரம் இருந்தால் முதுகுவலி. தினமும் தூக்க முடியாதவர்கள் சக்கரம் வைத்த தள்ளுமேசையில் மரங்களை வைக்கிறார்கள்.

லேசான உறைபனி என்றால் உள்ளேகூடப் போக வேண்டாம். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் இலை தன் வெப்பத்தை நேராக வானத்தை நோக்கி இழந்துகொண்டே இருக்கும். அதனால் காற்று 2 டிகிரி இருக்கும்போதே இலை 0-க்குக் கீழே போய்விடலாம். மொட்டை மேசையில் இருந்ததை ஒரு கூரைக்கடியில், மரத்தடியில் நகர்த்தினாலே தப்பிவிடும். பழைய பெட்ஷீட்டால் தரைவரை மூடினாலும் பலன் உண்டு. பிளாஸ்டிக் கவர் வேண்டாம். அது இலையைத் தொடும் இடத்தில் குளிரைக் கடத்தும், காலையில் எடுக்க மறந்தால் வெயிலில் உள்ளே வெந்துவிடும். விடியலுக்குச் சற்று முன்புதான் குளிர் உச்சம் என்பதால், ராத்திரி பதினோரு மணிக்கு எட்டிப்பார்த்து "ஒண்ணும் ஆகலையே" என்று நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள்.

மைனஸ் 5, மைனஸ் 6 என்றால் துணியும் கூரையும் காப்பாற்றாது. உள்ளேதான்.

உரம் இப்போது வேண்டாம். இந்த முதல் இலைகள் போன வருஷம் சேர்த்துவைத்த மாவுச்சத்தில் வளர்கின்றன. உரம் போட்டால் மெல்லிய, நீளமான, பனிக்கு இன்னும் பலவீனமான தண்டுதான் வரும்.

தொட்டி மாற்றலாமா, வேண்டாமா?

உண்மையில் அதிக மரங்களைக் காவு வாங்கும் முடிவு இதுதான் என்று தோன்றுகிறது.

புத்தகங்கள் சொல்லும் விதி எளிமையானது. மொட்டு உப்பும்போது, இலை விரிவதற்கு முன்பு, தொட்டியை மாற்றி வேரைக் கத்தரி. அந்தச் சமயத்தில்தான் மரத்துக்குப் புது வேர் விடும் வேகம் இருக்கும். பல நூல்கள் கூடவே மாதத்தையும் போட்டுவிடுகின்றன: மார்ச் முதல் பாதி, மார்ச் கடைசி என்று. அந்தத் தேதிகள் எழுதப்பட்டபோது விதியும் தேதியும் ஒரே நாளில் வந்தன. இப்போது பிரிந்துவிட்டன. மொட்டு பிப்ரவரி முதல் வாரத்தில் உப்புகிறது. உறைபனி ஏப்ரல்வரை இருக்கிறது.

தேதியைப் பார்த்து மார்ச் வரை காத்திருந்தால் இலை விரிந்துவிடும். விரிந்த இலையோடு வேரை வெட்டினால் இலைக்குத் தண்ணீர் அனுப்ப ஆள் இருக்காது. மொட்டைப் பார்த்து பிப்ரவரியில் வெட்டினால், வெட்டுப்பட்ட வேரும் அதிலிருந்து வரும் வெள்ளை வேர்நுனியும் உறைநிலையைத் தாங்காது. தூக்க நிலையில் மைனஸ் 8-ஐத் தாங்கிய அதே வேர் இப்போது 0-க்கே தடுமாறும்.

எங்கள் பார்வையில் பதில் உங்கள் மரத்தில் இல்லை, உங்கள் இடத்தில் இருக்கிறது. உறையாத, ஆனால் ஹீட்டரும் இல்லாத, கொஞ்சம் வெளிச்சம் வரும் ஓர் இடம் அடுத்த ஆறு, ஏழு வாரத்துக்கு உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் மொட்டைப் பின்பற்றி இப்போதே மாற்றுங்கள். இல்லையென்றால் இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். நன்றாக வளர்ந்த மேப்பிள் ஓராண்டு பழைய தொட்டியில் நெருக்கமாக இருந்து செத்ததில்லை. தண்ணீர் இறங்கவே இல்லை, வேர் அழுகுகிறது என்ற நிலையில் இருக்கும் மரத்துக்கு மட்டும் விதிவிலக்கு.

மரத்தை வைத்திருக்கும் இடத்தின் குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பநிலையைக் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. போனில் தெரிவது ஏதோ ஒரு வானிலை நிலையத்தின் கணக்கு. உங்கள் வீட்டுப் பின்பக்கப் பள்ளத்தில் அதைவிட 2, 3 டிகிரி குறைவாக இருக்கலாம். கனமான குளிர்காற்று பள்ளத்தில்தான் தேங்கும்.

உறைபனி அடித்தேவிட்டால்?

இலை கறுத்துவிட்டதா? உடனே வெட்டாதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள், உரம் போடாதீர்கள். நிழலுக்கு நகர்த்திவிட்டுக் காத்திருங்கள்.

இலையுதிர் மரங்களுக்கு ஒவ்வொரு கணுவிலும் மாற்று ஆட்டக்காரர்கள் உண்டு. முதல் மொட்டு போனால் பக்கத்தில் உறங்கிக்கொண்டிருக்கும் மொட்டு எழும். மூன்று முதல் ஆறு வாரத்தில் இரண்டாவது துளிர் வரும். அதுவரை இலை இல்லாததால் தண்ணீர் குறைவாகவே செலவாகும். பழக்கதோஷத்தில் தினமும் ஊற்றினால் பனியில் தப்பிய வேர் அழுகலில் போய்விடும். எந்தக் கிளை உயிரோடு இருக்கிறது என்று தெரிய நகத்தால் லேசாகப் பட்டையைக் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

இரண்டாவது துளிர் இலவசம் இல்லை. அதே சேமிப்பிலிருந்து இரண்டு முறை செலவு. அதனால் அந்த ஆண்டு நுனி கிள்ளுவது, இலை உதிர்ப்பது, கம்பி கட்டி வளைப்பது எதுவும் வேண்டாம். சும்மா வளரவிடுங்கள். வடிவம் கொஞ்சம் கலையும், பரவாயில்லை.

பைன் மரங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. வாஷிங்டனின் தேசிய போன்சாய் அருங்காட்சியகத்தில் 1625 முதல் தொட்டியில் வளர்க்கப்பட்டு வரும் ஒரு ஜப்பானிய வெள்ளை பைன் இருக்கிறது. 1945-ல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில், ஒரு மதிலுக்குப் பின்னால் இருந்து தப்பிய மரம். 1976-ல் அதை வளர்த்த யமகி குடும்பம் அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தது. அந்த வகை பைன் மார்ச் வெயிலுக்கு மேப்பிள் மாதிரி அவசரப்பட்டு எழாது. ஆனால் ஊசியிலை மரங்களுக்கு வேறு கணக்கு உண்டு. மண் உறைந்திருக்கும்போது மேலே வெயிலும் காற்றும் அடித்தால் இலை தண்ணீரை இழக்கும், உறைந்த வேரால் அனுப்ப முடியாது. மரம் குளிரால் அல்ல, தாகத்தால் காயும்.

சென்னை மாடியில் வைத்திருக்கும் போன்சாய்க்கு?

நியூஜெர்சி, டொராண்டோ, லண்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு மேலே சொன்னது எல்லாம் பொருந்தும். சென்னை, மதுரை, திருச்சி மாடியில் இருக்கும் ஆல், அரசு, இச்சி, கொடுக்காப்புளி போன்சாய்களுக்கு இதில் எதுவும் வேண்டாம். அவை வெப்பநாட்டு மரங்கள். குளிர் கோட்டா என்ற கணக்கே அவற்றுக்குக் கிடையாது. அரசமரம் இலையைக் கொட்டிவிட்டுப் புதுத் துளிர் விடுவது அதன் வழக்கமான சுழற்சி. வெளிநாட்டு வீடியோவில் சொன்னார்கள் என்று ஆலங்கன்றை ஃப்ரிட்ஜில் வைத்துவிடாதீர்கள்.

இங்கே தலைகீழான பிரச்சினை ஒன்று உண்டு. சிவப்பு இலை போட்டோவைக் காட்டி ஆன்லைனில் ஜப்பானிய மேப்பிள் விதையும் கன்றும் விற்கிறார்கள். சமவெளியில் வாங்கி வைத்தால் முதல் ஆண்டு இலை விடும். ஜனவரியில் இரவு 20 டிகிரி இருக்கும் ஊரில் அதன் குளிர்க் கணக்கு தொடங்கவே தொடங்காது. அடுத்த ஆண்டு ஏதோ நாலு இலை, அதற்கடுத்த ஆண்டு அதுவும் இருக்காது. ஊட்டி, கொடைக்கானலில் வீடு இருந்தால் முயற்சி செய்து பார்க்கலாம்.